உறையிலிருந்து அஞ்சல்தலையைக் கிழியாமல் எடுப்பது எப்படி? கடலோரத்துக்காரர்களுக்கு

கீழக்கரையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி நிறைய வெளிநாட்டுக் கடிதங்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து சாச்சா எழுதிய ஓர் உறையில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் படம் போட்ட 60 சென்ட் அஞ்சல்தலை. அதை வைத்தே சொல்லித் தருகிறேன்.

அந்தத் தலைக்கு ஒரு கதை உண்டு. 1999இல் முதலில் அச்சடித்தபோது ‘கிராண்ட் கேன்யன், கொலராடோ’ என்று போட்டுவிட்டார்கள். பள்ளத்தாக்கை அறுத்தது கொலராடோ ஆறுதான். ஆனால் பள்ளத்தாக்கு இருப்பது கொலராடோ மாநிலத்தில் அல்ல, அரிசோனா மாநிலத்தில். 10 கோடித் தலைகளை அழித்துவிட்டு, பெயரைத் திருத்தி 2000 ஜனவரியில் வெளியிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, படமே இடம் வலமாகத் திரும்பி அச்சாகியிருக்கிறது என்று! எந்தத் தலை கிடைத்தாலும் லென்ஸ் வைத்து நிதானமாகப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உறையைப் பாருங்கள். முதல்நாள் உறையாகவோ (தலை வெளியான அன்றே முத்திரை குத்திய உறை), ஊர்ப்பெயரும் தேதியும் தெளிவாக விழுந்த முத்திரையோடோ இருந்தால் தலையைப் பிரிக்கவே வேண்டாம், உறையோடு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் தலையைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுக் கத்தரியுங்கள். ஓரப் பற்களில் ஒன்று போனாலும் தலைக்கு மதிப்பில்லை. சிவப்பு, பழுப்பு உறைத் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், சாயம் இறங்கும்.

அடுத்து தண்ணீர். நம் பக்கத்தில் இதுதான் முக்கியம். கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள். நான் ஆரம்பத்தில் அதில்தான் ஊறவைத்தேன். காய்ந்ததும் தலையின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. குடிக்க வாங்கி வைத்திருக்கும் நல்ல தண்ணீரே வேண்டும். கை பொறுக்கும் இளஞ்சூடு போதும்.

துண்டுகளைப் படம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். பசை தடவி ஒட்டிய பழைய தலைகள் கால் மணி, இருபது நிமிடத்தில் தானே நழுவும். சாச்சாவின் தலை ஸ்டிக்கர் போன்றது. அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பிற்பாடு வந்த அமெரிக்க ஸ்டிக்கர் தலைகள் பலவும் தண்ணீருக்கு அசையவே அசையாது. அவற்றைத் தாளோடு கத்தரித்து அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது. எதுவானாலும் நகத்தால் உரிக்காதீர்கள். தாளின் ஒரு மூலையை இலேசாக அசைத்தால் தலை வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் இன்னும் ஊறட்டும்.

பிரிந்த தலையின் முதுகைத் தொட்டால் கஞ்சி போல வழவழக்கும். அது போகும்வரை புதுத் தண்ணீரில் விரல் நுனியால் தடவிக் கழுவுங்கள். ஈரத்தில் தலை மிக மென்மையாக இருக்கும். முனை தட்டையான சாமணத்தால் எடுங்கள். படம் கீழே இருக்கும்படி பழைய வெள்ளை வேட்டித் துணியில் பரப்புங்கள். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும். வெயிலும் ஃபேனும் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் நாளாக இருந்தால் சன்னலைச் சாத்திவிடுங்கள். ஸ்டிக்கர் தலையின் முதுகில் பிசுபிசுப்பு மீந்தால் துளி முகப் பவுடர் தடவுங்கள்.

ஈரம் போனதும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, கனமான அகராதிக்குள் இரண்டு இரவு அழுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். எத்தனை நாளானாலும் சரியாகக் காயாது. பயன்படுத்தாத, பசையுள்ள தலைகளை நனைக்கவே கூடாது. நம் கடல் ஈரத்துக்கே அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஆல்பத்தைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டைப் பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொரு தலைக்கும் கீழே நாடு, ஆண்டு, யார் அனுப்பியது என்று பென்சிலால் எழுதுங்கள். எங்கள் ஆல்பத்தில் ‘அமெரிக்கா (அரிசோனா), 2000, சாச்சா கடிதம்’ என்று இருக்கிறது.