பைத்தான்ல ஸ்ட்ரிங் ஒட்டுததுக்கு ஒரு சின்ன வழி

மக்கா, லூப்புக்குள்ள ஊர்ப் பேரை ஒண்ணொண்ணா பிளஸ் போட்டு ஒட்டுதீங்களா, நாலஞ்சுன்னா சரி, ஆயிரக்கணக்குல வந்தா இழுத்துக்கிட்டு கிடக்கும், ஏன்னா பைத்தான்ல ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, அப்படியே மாத்த முடியாது, பெரும்பாலும் ஒவ்வொரு பிளஸுக்கும் பழசை முழுசா காப்பி அடிச்சு புதுசு உண்டாக்கும், ஒரு துண்டு அல்வா சேக்கதுக்கு மொத்தப் பொட்டலத்தையும் பிரிச்சுக் கட்டுத மாதிரி. எல்லாத்தையும் லிஸ்ட்ல போட்டுட்டு கடைசில ஒரே ஒரு ஜாயின் போடுங்க. நடுவுல வரவேண்டிய கமாவை மேற்கோள்ல முதல்ல எழுதணும், பொறவு புள்ளி, ஜாயின், பிராக்கெட்டுக்குள்ள லிஸ்ட் (நான் இன்னும் லிஸ்ட்டை முதல்ல போட்டுத் தப்பாத்தான் எழுதுதேன்). தென்காசி, அம்பை, சேரன்மாதேவின்னு வால்ல கமா தொங்காம வரும். லிஸ்ட்ல நம்பர் கிடந்தா டைப் எரர் அடிக்கும், ஸ்ட்ரிங்கா மாத்திக்கிடுங்க. ரெண்டு மூணுதான்னா எஃப் ஸ்ட்ரிங் (மேற்கோளுக்கு முன்னால f போட்டு, உள்ள நெளிவு பிராக்கெட்ல வேண்டியதை எழுதுதது) போதும், பைத்தான் 3.6-ல இருந்தே இருக்கு.