ஹங்கர் கேம்ஸ் புத்தகமா படமா: சண்டைக்குள் குதிப்பதற்கு முன் ஒரு வழிகாட்டி

ஹங்கர் கேம்ஸ் என்பது, கேபிடல் என்ற ஆளும் தலைநகரம் தன் கீழுள்ள டிஸ்ட்ரிக்ட்களிலிருந்து பிள்ளைகளைப் பிடித்துவந்து, அரீனா என்ற களத்தில் ஒருவரையொருவர் கொல்ல வைத்து டிவியில் காட்டும் போட்டியைப் பற்றிய கதை. இந்தத் தொடரைப் பற்றி இரண்டு பேர் பேசினால் மூன்று கருத்து வரும். நாயகியோடு போட்டிக்குப் போகும் பீட்டா ஒரு சோப்ளாங்கி, மாக்கிங்ஜே சொதப்பல், முதல் படத்தில் கேமராவை யாரோ நடுங்கிக்கொண்டே பிடித்திருக்கிறார்கள், கொடுங்கோல் ஜனாதிபதி ஸ்னோவின் கதையை எழுதியிருக்கவே வேண்டாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்கிறவர் புத்தகத்தை வைத்துச் சொல்கிறாரா, படத்தை வைத்துச் சொல்கிறாரா என்று தெரியாமல் அந்தச் சண்டையில் இறங்கினால் விடிய விடியப் பேசினாலும் முடியாது. இனிமேல்தான் தொடங்கப்போகிறீர்கள் என்றாலோ, படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகம் பக்கம் வரலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றாலோ, எந்த வரிசையில் போவது, எங்கே நின்று கவனிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: கதையின் முடிச்சுகள் கீழே அவிழும். அது பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டு ஓடிவிடுங்கள்.

வரிசை இதுதான். சுசன் காலின்ஸ் எழுதி வெளியிட்ட வரிசையிலேயே படியுங்கள்: ஹங்கர் கேம்ஸ் (2008), கேச்சிங் ஃபயர் (2009), மாக்கிங்ஜே (2010), அதற்கப்புறம் ஸ்னோவின் இளமைக் கதையான தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ் (2020), கடைசியாக, நாயகிக்கு வழிகாட்டும் பழைய வெற்றியாளர் ஹேமிட்சின் கதையான சன்ரைஸ் ஆன் த ரீப்பிங் (2025). கதை நடக்கும் கால வரிசைப்படி ஸ்னோவிலிருந்து தொடங்கலாமே என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். முதல் மூன்றையும் ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றின் படத்தையும் அது முடிந்த பிறகு பாருங்கள். முடித்த அன்றே வேண்டாம், ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் படம் முழுக்க "இது விட்டுப்போச்சு, அது விட்டுப்போச்சு" என்று கணக்கெழுதிக்கொண்டே இருப்பீர்கள்.

சரி, ஏன் புத்தகம் முதலில்? புத்தகம்தான் எப்போதும் ஒசத்தி என்ற பழைய பல்லவி அல்ல. முதல் புத்தகம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். கதையின் நாயகி காட்னிஸ் கண் விழிக்கிறாள், தங்கை ப்ரிம் படுத்திருந்த பக்கத்தைக் கை தேடுகிறது, அங்கே சூடு இல்லை, முரட்டுத் துணி மட்டும் தட்டுப்படுகிறது. அந்த நொடியிலிருந்து கடைசிப் பக்கம் வரை, நிகழ்காலத்தில், "நான்" என்று அவளே சொல்லிப் போகிறாள். அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது. படம் எங்கே தொடங்குகிறது? டிவி ஸ்டூடியோவில். சீசர் ஃபிளிக்கர்மேன் பளபளவென்று உட்கார்ந்து, போட்டியை நடத்தும் செனகா கிரேனைப் பேட்டி எடுக்கிறார். அதாவது புத்தகம் உங்களை ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவளின் தலைக்குள் உட்கார வைக்கிறது, படம் ஆட்டத்தைப் பார்க்கும் கூட்டத்தோடு உட்கார வைக்கிறது. வாசகர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் நடக்கிற சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில்தான் வேர் விட்டிருக்கிறது என்பது என் கணிப்பு. அதனால் எந்தக் காட்சியை ஒப்பிட்டாலும் "ஒரே மாதிரி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். இதை இப்போது யார் கண்ணால் பார்க்கிறேன் என்று கேளுங்கள்.

இரண்டு காட்சிகளில் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஹேமிட்ச் அனுப்பும் பரிசுகள். புத்தகத்தில் அரீனாவுக்குள் பாராசூட்டில் வருவது பொருள் மட்டும்தான், செய்தி எதுவும் கிடையாது. காட்னிஸ் தாகத்தில் நாக்கு வறண்டு கிடக்கிறாள், தண்ணீர் கேட்கிறாள், வரவில்லை. குடிகாரன் கைவிட்டுவிட்டானா, இல்லை பழிவாங்குகிறானா என்று யோசித்து யோசித்துக் கடைசியில் புரிந்துகொள்கிறாள்: தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால்தான் அனுப்பவில்லை. பின்னால் குகையில் பீட்டாவை முத்தமிட்டதும் ஒரு பானை சூப் வந்து இறங்குகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு பானை என்று அவளே கணக்குப் போட்டுக்கொள்கிறாள். வாய் திறக்காமலே இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இந்த மொழிதான் ஹேமிட்சும் காட்னிஸும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்பதை நமக்குக் காட்டுகிறது. படத்தில் பரிசோடு ஒரு சீட்டும் வருகிறது, இதெல்லாம் ஒரு முத்தமா என்கிற தோரணையில். தியேட்டரில் சிரிப்பு வரும், விஷயமும் சட்டென்று புரியும், ஆனால் யூகிக்கிற வேலை காட்னிஸிடமிருந்தும் நம்மிடமிருந்தும் பறிபோகிறது. இதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். தலைக்குள் ஓடுவதை முழுக்கப் பின்னணிக் குரலில் ஒப்பித்திருந்தால் இன்னும் தாங்கியிருக்காது. ஆனால் பார்வையாளர்களுக்காகக் காட்டும் அந்தக் காதல் நடிப்பா நிஜமா என்று அவளுக்கே பிடிபடாத குழப்பம் படத்தில் கரைந்து, சாதாரண முக்கோணக் காதலாகத் தெரிவது இதனால்தான். படத்தில் நடுநடுவே ஊரிலிருந்து அவள் நண்பன் கேல் முகத்தை வேறு காட்டுகிறார்கள். "இது வெறும் லவ் ஸ்டோரி" என்று யாராவது சொன்னால், அவர் படம் மட்டும் பார்த்தவரா என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது, அரீனாவில் காட்னிஸோடு கூட்டுச் சேர்ந்த சிறுமி ரூ சாகிற இடம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். புத்தகத்தில் காட்னிஸ் அந்தச் சிறுமியைப் பூவால் மூடிவிட்டு, மூன்று விரலை உதட்டில் வைத்து ரூவை நோக்கி நீட்டுகிறாள். அவள் ஊரில் இறந்தவர்களை வழியனுப்பும் பழைய சைகை அது. கொஞ்ச நேரத்தில் ஒரு பாராசூட் வருகிறது, உள்ளே ரொட்டி, பிறை வடிவத்தில், மேலே விதை தூவி. ரூவின் ஊரான டிஸ்ட்ரிக்ட் 11 அனுப்பிய ரொட்டி. வயிற்றுக்கே இல்லாத ஜனம் காசு சேர்த்து, தங்கள் பிள்ளை செத்துப்போன பிறகு, வேறு ஊர்ப் பெண்ணுக்கு அனுப்புகிறது. படத்தில் ரொட்டி இல்லை. காட்னிஸ் திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்து அந்த மூன்று விரலைக் காட்டுகிறாள், டிஸ்ட்ரிக்ட் 11இல் திரையைப் பார்த்து நிற்கும் கூட்டம் பதிலுக்கு விரலை உயர்த்துகிறது, கலவரம் வெடிக்கிறது. ஒரே சைகைதான், ஆனால் புத்தகத்தில் அது ஒரு பிணத்துக்குச் சொல்லும் விடை, படத்தில் உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுக்கும் சமிக்ஞை. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது போராடியவர்கள் தெருவில் உயர்த்திய மூன்று விரலும், 2021இல் மியான்மரில் உயர்ந்ததும், இந்தப் படத்துச் சைகைதான். எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்பது ரொட்டிதான். ஆனால் அந்தக் கலவரக் காட்சி இல்லாமல் இரண்டாம் படத்துக்குள் போயிருந்தால், திடீரென்று ஊரெல்லாம் ஏன் கொதிக்கிறது என்று படம் மட்டும் பார்ப்பவர் விழித்திருப்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

கேமரா ஆட்டம் பற்றி ஒரு வார்த்தை. கேரி ராஸ் இயக்கிய அந்த முதல் படத்தில் தலை சுற்றுவது உண்மை, எனக்கும் சுற்றியது. ஆனால் குழந்தைகள் குழந்தைகளைக் கொல்லும் கதையை அதே வயதுக் குழந்தைகள் பார்க்கும்படி எடுக்க வேண்டிய நெருக்கடியையும் கணக்கில் எடுங்கள். பிரிட்டனில் 12ஏ சான்றிதழுக்காக மேலும் 7 விநாடி வெட்டினார்கள். தெளிவாகக் காட்டியிருந்தால் படமே வேறு வயதினருக்குப் போயிருக்கும். இரண்டாம் படத்திலிருந்து பிரான்சிஸ் லாரன்ஸ் கைக்கு வந்ததும் கேமரா நிதானமாகிவிடும். காட்னிஸ் லிஃப்டில் ஏறி அரீனாவுக்குள் வரும் இடத்தில் ஐமேக்ஸில் திரையே விரிந்து திறக்கும். இந்தத் தொடரில் எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலான வாசகர்கள் கேச்சிங் ஃபயரைக் காட்டுவார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

அப்புறம் மாக்கிங்ஜே. இங்கேதான் வீடு இரண்டுபடும். மூன்றாவதாக ஒரு போட்டியை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, காட்னிஸ் எங்காவது மூலையில் ஒளிந்துகொண்டு நாளைக் கழிப்பதும், முக்கியமான சண்டைகள் அவள் மயக்கத்தில் கிடக்கும்போது முடிந்துவிடுவதும் எரிச்சல் மூட்டும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது, புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தேன். இரண்டாம் தடவை, இதைப் போர்க்கதையாக எண்ணாமல் போர் ஒரு ஆளை என்ன செய்கிறது என்ற கதையாக எண்ணிப் படித்தபோது பிடிபட்டது. காலின்ஸின் அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், அது மனதில் இருந்தால் இந்தப் புத்தகத்தின் மௌனங்கள் வேறு மாதிரி தெரியும்.

அதில் ஒரு பக்கத்தை மட்டும் படம் பார்ப்பதற்கு முன் இரண்டு தடவை படியுங்கள்: போர் முடிந்ததும், கேபிடல் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு ஹங்கர் கேம்ஸ் நடத்தலாமா என்று புரட்சிப் படையின் தலைவி காயின் வாக்கெடுப்பு வைக்கிற இடம். காட்னிஸ் "சரி" என்கிறாள், போரில் இறந்துபோன தங்கை ப்ரிமுக்காக. மனதார வாக்களித்தாளா, காயினை நம்ப வைக்கப் போட்ட நாடகமா என்று புத்தகம் உடைத்துச் சொல்லவே இல்லை. வாசகர்கள் இன்னும் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். படத்தில் ஜெனிபர் லாரன்ஸின் முகமே பதிலை ஒரு பக்கம் சாய்த்துவிடுவதாக எனக்குத் தோன்றியது. அதைப் பார்த்துவிட்டால் உங்கள் சொந்தத் தீர்ப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்தப் புத்தகத்தை 2014, 2015 என்று இரண்டு படமாக வெட்டினார்கள். பணத்துக்காகத்தான் என்று வாசகர்கள் திட்டுவதை நான் மறுக்கப்போவதில்லை. பிரித்துப் பார்த்தால் முதல் பாகம் இழுவை. ஆகவே ஒரே நாளில் சேர்த்துப் பாருங்கள், நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கடைசியில் புரட்சிக்காரர்களில் ஒருவரான புளூட்டார்க் நேரில் வராமல் ஏன் கடிதம் மட்டும் வருகிறது என்று குழம்ப வேண்டாம். அந்த வேடத்தில் நடித்த பிலிப் சீமூர் ஹாஃப்மேன் படப்பிடிப்பு முடிவதற்குள் 2014 பிப்ரவரியில் இறந்துபோனார்.

ஸ்னோவின் கதைக்கு வேறு மாதிரித் தயாரிப்பு வேண்டும். இது "நான்" என்று சொல்லப்படும் கதை இல்லை, ஆனால் 18 வயது ஸ்னோவின் மண்டைக்குள்ளேயே நடக்கிறது. ஒரு பென்சிலை வைத்துக்கொள்ளுங்கள். தான் காதலிக்கும் லூசி கிரேயை எண்ணி "அவளுக்காகத்தான் செய்தேன்" என்று அவன் நினைக்கும் ஒவ்வொரு இடத்திலும் உண்மையில் யாருக்காகச் செய்தான் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள், பாதிப் புத்தகத்துக்குள் உங்களுக்கே வியர்க்கும். 2023இல் வந்த படத்தில் அந்தச் சாக்குப்போக்கெல்லாம் காதில் விழாது, டாம் பிளைத்தின் நல்ல முகம்தான் தெரியும், அதனால் "பாவம்யா ஸ்னோ" என்று வெளியே வந்தவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்றாம் பகுதியை அள்ளித் தெளித்த மாதிரி முடித்துவிட்டார்கள் என்ற புகாரும் உண்டு, நியாயமான புகார்தான். மாக்கிங்ஜேயை ஏன் வெட்டினாய் என்று கேட்டவர்களே இதை ஏன் வெட்டவில்லை என்று கேட்டதுதான் வேடிக்கை.

"இது பேட்டில் ராயலின் காப்பி" என்று ஒருவர் நிச்சயம் வருவார். பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்ல வைக்கும் அந்த ஜப்பானிய நாவல் 1999, படம் 2000. தன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்த பிறகுதான் அதைக் கேள்விப்பட்டதாகக் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், அரை மணி நேரத்துக்கு மேல் அதில் செலவழிக்காதீர்கள்.

படத்தில் விடுபட்டவற்றைப் பட்டியல் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். பீட்டாவுக்குக் கால் போகவில்லை, அரீனாவில் துரத்தும் ஓநாய்களுக்கு இறந்த பிள்ளைகளின் கண் இல்லை, இப்படி. பெரும்பாலானவற்றை விட்டுத்தள்ளலாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மேட்ஜ். புத்தகத்தில், பின்னால் புரட்சியின் சின்னமாகிவிடும் அந்த மாக்கிங்ஜே பறவைப் பின்னைக் காட்னிஸுக்குக் கொடுப்பவள் மேயரின் மகள் மேட்ஜ்தான். படத்தில் அவளையே தூக்கிவிட்டு, பின்னை ஏதோ சந்தையில் கிடைத்ததாக மாற்றிவிட்டார்கள். சின்ன மாற்றம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பின் மேட்ஜின் சித்தி மேசிலி டானருடையது, மேசிலி 50ஆவது போட்டியில் ஹேமிட்சோடு அரீனாவில் நின்றவள். சன்ரைஸ் ஆன் த ரீப்பிங் அந்தப் போட்டியைப் பற்றியதுதான், 48 பிள்ளைகள் இறங்கிய போட்டி. படங்களை மட்டும் பார்த்துவிட்டு அதற்குள் நுழைபவருக்கு மேசிலி யாரோ ஒரு பெண். புத்தகம் வழியாக வருபவருக்கு அவள் பெயரைப் பார்த்ததுமே வயிற்றில் ஏதோ செய்யும்.

கேச்சிங் ஃபயர் படத்தில் இல்லாத இன்னொரு காட்சியும் இதோடு சேர்ந்தது. புத்தகத்தில் காட்னிஸும் பீட்டாவும் ரயிலில் உட்கார்ந்து ஹேமிட்ச் ஜெயித்த போட்டியின் டேப்பைப் போட்டுப் பார்ப்பார்கள். முதல் முறை அதை அவர்களைப் போலவே நம்பிப் படித்துவிடுவோம். சன்ரைஸை முடித்த கையோடு அந்தப் பக்கங்களை மறுபடி எடுங்கள். கேபிடல் எதை வெட்டியது, எதை ஒட்டியது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகள் இருவருக்கும் தெரியாது. டேப் முடிந்து அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது ஹேமிட்ச் கையில் ஒயின் பாட்டிலோடு பின்னால் நின்றுகொண்டிருப்பார்.