பவளத் தீவில் காட்டை மீட்பது எப்படி?

மொரீஷியஸில் புவான்த் தெஸ்னி கரையிலிருந்து பார்த்தால் தட்டையாக ஒரு தீவு தெரியும்: ஈலோசெக்ரெத். 26 ஹெக்டேர்தான், எல்லாம் பவளச் சுண்ணாம்புக் கல். மரம் வெட்டியும் அயல்செடி புகுந்தும் பாழான அங்கே இன்று கருங்காலிக் காடு மறுபடி எழுகிறது. அது அரசுக் காப்பகம், நாமாகப் போய் எதையும் செய்ய முடியாது. ஆனால் அந்த முறையைக் கரையோர நிலத்தில் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

முதலில் எலி. விதையையும் குருத்தையும் தின்று தீர்த்துவிடும். அந்தத் தீவில் 1991-ல் எலியை ஒழித்தார்கள். சின்னத் தீவுக்குப் போவதென்றால் பை, செருப்பு, சாக்கு எல்லாவற்றையும் உதறிப் பார்த்த பிறகே படகில் ஏறுங்கள்.

அடுத்தது களை. நாம் இங்கே அகாசியா என்கிற சவுண்டல்தான் பெரிய எதிரி. மழை பெய்த மறுநாள் கன்றைத் தூரோடு பிடித்து மெல்ல இழுங்கள், ஆணிவேர் முழுதாக வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் பாதியில் அறுந்து, மறுபடி துளிர்க்கும். பெரிய மரத்தைத் தரையோடு வெட்டி, அடிக்கட்டையில் உடனே களைக்கொல்லியைத் தூரிகையால் தடவுங்கள், தெளிக்கவே கூடாது.

ஆனால் ஒரேயடியாக எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். நான் அப்படி ஒரு மூலையைச் சுத்தம் செய்தேன். இரண்டு மழைக்குள் அங்கே கீரைப் பாத்தி மாதிரி சவுண்டல் முளைத்துவிட்டது. விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும், வெயில் பட்டால் போதும். அதனால் நல்ல மரம் மிஞ்சியிருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள்.

சரி, நடவு. டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், அப்போதுதான் நட வேண்டும். பாறைமேல் குழி தோண்ட முடியாது. கடப்பாரையால் தட்டி, இலைமக்கு சேர்ந்திருக்கும் பிளவைத் தேடுங்கள். விரல் உள்ளே போனால் கன்றின் வேரும் போகும். கடற்காற்று நேரே அடிக்கும் ஓரத்தில் பட்டத்ரான், அதாவது நம் அடம்பங்கொடி. ‘அடம்பங்கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது மணல்மேல் அது படர்வதைப் பார்த்தால் விளங்கும். கருங்காலி உள்ளே, நிழலில்.

கருங்காலிப் பழத்தைத் தின்று விதை பரப்பிய ஆமையினம் மொரீஷியஸில் அழிந்துபோனது. அதற்குப் பதிலாக 2000-ல் சேஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளை இங்கே விட்டார்கள். அவற்றின் வயிற்றைக் கடந்து வந்த விதை நன்றாக முளைக்கிறது. நமக்கு ஆமை கிடையாது. பழச்சதையைக் கழுவி நீக்கிவிட்டு உடனே விதையுங்கள்.

அப்புறம் மாதம் ஒருமுறை களைபறிப்பு. புதுச் சவுண்டல் கன்று விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.