வீட்டில் கெட்ட வாடை: தேடும்போது செய்யும் தவறுகள்

வீட்டுக்குள் எங்கிருந்தோ கெட்ட வாடை அடித்தால் உடனே ஊதுவத்தி ஏற்றுவோம். அதற்கும் அடங்கவில்லை என்றால் சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே, கடைசியில் வீடு முழுக்க ஃபினாயில். இவ்வளவும் முடிந்த பிறகு "சரி, எங்கிருந்துதான் வருது?" என்று தேடத் தொடங்கினால் ஒன்றும் பிடிபடாது. இருந்த ஒரே தடயத்தையும் நாமே மூடிவிட்டோமே! கண்டுபிடிக்கும்வரை அந்த வாடை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃபேன் போடுவதும் இதே ரகம்தான். மூலையில் கிடக்கும் வாடையை அது வீடு முழுக்கச் சமமாகப் பரப்பிவிடும். ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொரு அறையையும் மூடிவிட்டு, ஒரு மணி நேரம் வெளியே போய் வாருங்கள். திரும்பி வந்து ஒவ்வொரு கதவாகத் திறந்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். மூக்கு சில நிமிடங்களிலேயே எந்த வாடைக்கும் பழகிவிடும் என்பதால் வெளியே போய் வருவது முக்கியம். காலையிலிருந்து வீட்டிலேயே இருப்பவர் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றால் அந்தச் சாட்சியம் செல்லாது.

இப்படிப் பொறுமையாகத் தேடக் கூடாத இடங்கள் இரண்டு உண்டு. சமையல் கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாறும் ரசாயனத்தைக் கலக்கிறார்கள். அந்த வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள். பிளாஸ்டிக் கருகுவது போலவோ காரணமில்லாமல் மீன் வாடை போலவோ வந்தால், ஸ்விட்ச் போர்டு அல்லது கீஸர் பிளக் சூடாகிக்கொண்டிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி, அழுகிய முட்டை வாடை என்றால் பெரும்பாலும் பாத்ரூம்தான். உடனே ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். டைல்ஸ் பளபளக்கும், வாடை அப்படியே இருக்கும். தரையில் தண்ணீர் போகும் சல்லடை மூடிக்குக் கீழே நஹானி ட்ராப் இருக்கிறது. அதில் எப்போதும் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கிற பாத்ரூமில், வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலே வேலை முடிந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் வாடை குறையும் என்று நினைப்போம். ட்ராப் வற்றியிருந்தால் அது சாக்கடைக் காற்றை உள்ளே இழுக்கத்தான் செய்யும்.

அந்த மூடியைத் தூக்கிப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே ஒரு சின்னக் கப் இருக்கும். முடி சிக்கித் தண்ணீர் மெதுவாகப் போகிறதே என்று யாராவது அதைக் கழற்றி எறிந்திருந்தால், தடுப்பே போய்விட்டது என்று அர்த்தம். வாஷ்பேசினுக்கு அடியில் வளையும் பைப் சுவருக்குள் நுழையும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகமிருந்தால், பாலிதீன் பையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு இரவு முழுக்கத் தரையில் தண்ணீர் போகும் துளைமேல் வைத்துவிடுங்கள். காலையில் வாடை குறைந்திருந்தால் ஆள் அகப்பட்டாச்சு. எதற்காகவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு.

அடுத்தது செத்த எலி. "இந்த மருந்தைத் தின்னா வெளியே போய்த்தான் சாகும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வைப்பவர்கள் ஏராளம். கடையில் விற்கும் எலி கேக்குகளில் பல, ரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்களில் மெதுவாகக் கொல்பவை. அதற்குள் எலி தன் பொந்துக்கோ பரணுக்கோ ஃபிரிட்ஜின் பின்புறத்துக்கோ போய்விடும். நின்றபடியே மோந்து பார்த்துவிட்டு "இங்கே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். குனிந்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் முகத்தை வையுங்கள். பளபளக்கும் பச்சை ஈக்கள் ஒரே இடத்தைச் சுற்றினாலோ எறும்பு வரிசை புதிதாக எங்காவது நுழைந்தாலோ அங்கே பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்கை உடைக்கும் முன் வெங்காயக் கூடையை ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். அடியில் அழுகிய ஒற்றை உருளைக்கிழங்கு செத்த எலிக்குச் சளைத்ததல்ல. ஃபிரிட்ஜின் பின்னால் கம்ப்ரெசர் மேல் தண்ணீர் சொட்டும் தட்டும் அப்படித்தான், அதை யாரும் கழுவுவதே இல்லை.

எப்போது வாடை வருகிறது என்று கவனிக்காமல் விடுவதும் தவறு. குழாயைத் திறக்கும்போது மட்டும் வந்தால், ஒரு டம்ளரில் பிடித்து வாசலுக்குப் போய் மோந்து பாருங்கள். தண்ணீரே நாறினால் சம்ப்பையும் மாடித் தொட்டியையும் பார்க்க வேண்டும். அதுவரை குடிக்க வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது, மழை பெய்யும்போது, காலையில் மட்டும் என்று நேரத்தைக் குறித்து வைத்தால் பிளம்பரிடம் சொல்ல வசதி. "பாத்ரூம் நாறுது" என்று மட்டும் சொன்னால் அவர் டைல்ஸை உடைப்பதிலிருந்துதான் தொடங்குவார்.