மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் சத்து மாத்திரை வாங்கும் முன்

"சுகருக்கு ஒரு சத்து மாத்திரை குடுங்கண்ணே" என்று மருந்துக்கடையில் யார் கேட்டாலும், சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு எரிச்சல்தான்.

மெட்ஃபார்மின் நாள்பட எடுத்தால் குடல் வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது குறையலாம். பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், எரியும். சர்க்கரையால் நரம்பு கெட்டாலும் இதே தொல்லை என்பதால் பலர் பி12-ஐச் சந்தேகிப்பதே இல்லை. பி12 மாத்திரை தொடங்கும் முன்பே ரத்தத்தில் அதன் அளவு பாருங்கள்; தொடங்கியபின் பார்த்தால் அளவு உயர்ந்து காட்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைபாடு. 200 முதல் 300 வரை என்றால் டாக்டர் வேறு பரிசோதனையும் எழுதலாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், அசிடிட்டிக்குத் தினமும் பான்டோபிரசோல் விழுங்குகிறவர்கள் பி12 பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் சிறுநீரகம். கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டாமல் அதிக டோஸ் பி-காம்ப்ளெக்ஸ் (பி வகை வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரை) வாங்காதீர்கள். "மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்" என்பார்கள். ஆனால் கனடாவில் சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு பி வகை வைட்டமின்களான ஃபோலிக் அமிலம் 2.5 மி.கி., பி6 25 மி.கி., பி12 1 மி.கி. தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவில், மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்கே சிறுநீரகம் வேகமாகக் கெட்டிருந்தது.

அட்டையின் பின்பக்கம் பி6 அளவையும் பாருங்கள்; அதிகமானால் அதுவே நரம்பைக் கெடுக்கும். வைட்டமின் டி 60,000 யூனிட் பெரும்பாலும் வாரம் ஒன்றுதான், தினமும் அல்ல. முடிக்கு பயோட்டின் எடுத்தால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவு மாறிக் காட்டலாம்.