வெந்நீரை முதலில் ஆற்றுங்கள்

ஆசையாக செஞ்சா என்கிற ஜப்பானியப் பச்சைத் தேயிலை வாங்கிவந்து, முதல் வாயிலேயே முகம் சுளிப்பவர்கள் நிறையப் பேர். வேப்பிலைக் கஷாயம் போல் இருக்கிறதாம். இலையின் மேல் தப்பில்லை. தளதளவென்று கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றியிருப்பார்கள்.

நாம் டீயைப் போட்ட பிறகு ஆற்றுகிறோம். ஜப்பானியர் வெந்நீரை ஆற்றிவிட்டுத்தான் இலையில் ஊற்றுகிறார்கள். அதற்கென்றே யுசமாஷி என்று மூக்கு வைத்த பாத்திரம் உண்டு. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சூடு ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும். இரண்டு மூன்று தடவை மாற்றினால் செஞ்சாவுக்கு வேண்டிய 70–80 டிகிரி வந்துவிடும். நம் வீட்டு டம்ளரும் டபராவுமே போதும். அறுவடைக்கு முன் வெயில் படாமல் மூடி வளர்க்கும் கியோகுரோவுக்கு இன்னும் ஆற வேண்டும், 50–60 டிகிரி வரை. இனிப்பும் உமாமி என்கிற ஆழ்ந்த ருசியும் தருகிற, இலையிலுள்ள தியானின் என்ற பொருள் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். துவர்க்கும் கேட்டகினும் கசக்கும் காஃபினும் சூடு ஏற ஏறத்தான் அதிகமாக இறங்கும்.

சரி, எல்லாவற்றையும் ஆற்றலாமா? கூடாது. வறுத்த இலையான ஹோஜிசா, வறுத்த அரிசி கலந்த கென்மைசா இரண்டுக்கும் கொதிநீர்தான். ஆறிய நீரில் அந்த வறுத்த மணம் எழாது.

செஞ்சா ஊற ஒரு நிமிடம் போதும். அதிக நேரம் ஆவியில் வேகவைத்த ஃபுகமுஷி வகைக்கு அரை நிமிடமே தாராளம். அது கலங்கலாக இறங்கினால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், அதன் இயல்பே அதுதான். குடுவையைக் குலுக்காமல், கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். அடியில் தங்கும் நீர் இலையை ஊறவைத்துக்கொண்டே இருந்து அடுத்த தண்ணீரைக் கசக்க வைக்கும்.

அடுத்த தண்ணீரா என்றால், ஆமாம். ஒரே தடவையில் இலையைக் கொட்டுவதுதான் எனக்குப் பொறுக்காத தவறு. இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் சூடான நீர், பத்து விநாடி. கீரை வேகும் வாசம் சற்றுப் பின்வாங்கி, துவர்ப்பு முன்னே வரும். சர்க்கரை போட்டால் இந்த வித்தியாசமே நாக்குக்குத் தெரியாது.

பொட்டலத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பிரிக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும்.

கியோகுரோ என்றால் மூன்று தண்ணீர் எடுத்த பிறகும் இலையை எறியாமல், சில சொட்டு சோயா சாஸ் விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். பதமாக வதக்கிய கீரை மாதிரி இருக்கும்.