சக ஊழியர்களோடு தொண்டு நிதி நடைபவனியில் சேருவதற்கு முன்

கொழும்பு அலுவலகங்களில் தொண்டு நிகழ்வொன்றில் கலந்துகொள்ளும் பேச்சு எழுந்தால், முதல் அரைமணி நேரம் ரீசேட்டின் நிறத்திலேயே கழிந்துவிடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சேரும் பணம் யாருடைய கணக்கிற்குப் போகிறது, எந்தத் தேவைக்குச் செலவாகிறது என்பதை அதற்கு முன்பே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் கடந்த ‘ட்ரெயில்’ நடைபவனி தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகவும், 2016இல் அது மறுதிசையில் மீண்டும் நடந்தபோது காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காகவும் நிதி திரட்டியது. ஒரே ஒரு நாள் மட்டும் சேர்ந்து நடந்தவர்களுக்கும் தாம் எந்தக் கட்டடத்திற்காக நடக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. உங்கள் அலுவலகம் தேர்ந்தெடுக்கும் நிகழ்வும் அவ்வளவு தெளிவான நோக்கமுடையதாக இருக்கட்டும்.

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ உதவுவதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னால், அந்த வைத்தியசாலை நிர்வாகத்திடமே தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தனிநபர் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொல்லும் வட்ஸ்அப் செய்தியை, அது எவ்வளவு உருக்கமாக எழுதப்பட்டிருந்தாலும், சரிபார்க்காமல் சக ஊழியர்களுக்கு அனுப்பாதீர்கள். வீதியிலோ வீடு வீடாகவோ உண்டியலுடன் சென்று பணம் சேர்ப்பதற்கு இந்நாட்டில் அனுமதிப்பத்திரம் தேவை என்பதால், ஏற்பாட்டாளர்களிடம் அது இருக்கிறதா என்று கேட்பதில் தயங்கவேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனமொன்றுக்குப் பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு கோர இடமுண்டு. ஆகவே பற்றுச்சீட்டை அவரவர் பெயரிலேயே வாங்குவது நல்லது.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது அலுவலகத்திற்குள் பணம் சேர்க்கும் முறையில்தான். ஒரு வருடம், கொடுத்தவர்களின் பெயர்களையும் தொகைகளையும் நான் அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். தேநீர் தயாரிக்கும் அக்கா ஒருவர் தமது பெயருக்கு நேரே இருந்த ஐம்பது ரூபாவைப் பார்த்துவிட்டு, மறுநாள் இன்னும் ஐந்நூறு ரூபாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அது அவருடைய பஸ் செலவுக்கான காசு என்பது பிறகுதான் தெரிய வந்தது. அன்றிலிருந்து மூடிய பெட்டியொன்றைத்தான் வைக்கிறோம். பெட்டியை இருவர் சேர்ந்து திறந்து எண்ணி, மொத்தத் தொகையை மட்டும் அறிவிக்கிறோம். முகாமையாளர் ஒருவர் மேசை மேசையாகச் சென்று கேட்டால் அது வேண்டுகோளாக இருக்காது, கட்டளையாகிவிடும். அந்தப் பொறுப்பை நலன்புரிச் சங்கத்திடம் ஒப்படையுங்கள். சம்பளம் கிடைத்த வாரத்தில் கேட்பதும், நடக்க வர இயலாதவர்களைப் பதிவு, கணக்கு, தண்ணீர் விநியோகம் போன்ற வேலைகளில் சேர்த்துக்கொள்வதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

திகதியைத் தெரிவுசெய்யும்போது நோன்பு மாதம், போயா தினம், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் நாட்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலிமுகத்திடலிலோ சுதந்திர சதுக்கத்திலோ நடப்பதானால் காலை ஆறு மணிக்கே புறப்படுவது உத்தமம், ஏனெனில் எட்டு மணிக்குப் பிறகு வெயில் வயதானவர்களை வாட்டிவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது என்பதால், மாலை நிகழ்வுகளை அப்போது தவிர்க்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஹலால் உணவு தேவைப்படுகிறவர்களுக்கும் தனித்தனியாகப் பொதிகளை ஒழுங்குசெய்யுங்கள். ரீசேட், பதாகை, பஸ் வாடகை ஆகிய செலவுகளை நிறுவனத்தின் அனுசரணையாகக் கேட்டுப் பெற முடிந்தால், ஊழியர்கள் கொடுத்த ஒவ்வொரு ரூபாவும் நோயாளியையே சென்றடையும்.

நிகழ்வு முடிந்து ஒரு வாரத்திற்குள், சேர்ந்த தொகை, செலவு, ஒப்படைத்த திகதி ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பணத்தைப் பெற்றுக்கொண்ட தொண்டு நிறுவனம் அல்லது வைத்தியசாலை தந்த பற்றுச்சீட்டின் பிரதியோடு அதே அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள்.